உபத்திரவத்துக்கு முன்பா, பின்பா? சபை எடுத்துக்கொள்ளப்படும் காலம் பற்றி

கேள்வி சுருக்கமாக இது: "சபை எடுத்துக்கொள்ளப்படுவது மகா உபத்திரவத்துக்கு முன்பா, பின்பா? எங்கள் பெந்தெகொஸ்தே பாஸ்டர் இரகசிய வருகை, பகிரங்க வருகை என்று இரண்டாகப் பிரிக்கிறார். சிஎஸ்ஐ ஆயரைக் கேட்டால் வருகை ஒன்றுதான் என்கிறார். அட்வென்டிஸ்ட் நண்பர் இருவர் சொல்வதும் தப்பு என்கிறார். இதற்கிடையில் 2028 என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எதை நம்புவது?"

சபை எடுத்துக்கொள்ளப்படுதல் என்பது கர்த்தர் வரும்போது விசுவாசிகள் அவரைச் சந்திக்க மேலே எடுக்கப்படுவது; மகா உபத்திரவம் என்பது கடைசிக்காலத்தின் பெருந்துன்பம். உபத்திரவத்துக்கு முன் சபையை எடுத்துக்கொள்ள வருவதை இரகசிய வருகை என்றும், அதற்குப் பின் எல்லாரும் காண வருவதைப் பகிரங்க வருகை என்றும் உங்கள் பாஸ்டர் சொல்கிறார். "உபத்திரவத்துக்கு முன் சபை எடுத்துக்கொள்ளப்படும்" என்று நேராகச் சொல்லும் வசனம் வேதத்தில் இல்லை. "பின்" என்று நேராகச் சொல்வதும் இல்லை. முன் உபத்திரவக் கொள்கைக்காகக் கடைசிவரை வாதாடிய ஜான் வால்வூர்டே 1957இல் வெளியிட்ட தம் நூலின் முதல் பதிப்பில் இதை ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தரப்பும் வேறு மூன்று விஷயங்களை முதலில் முடிவுகட்டிவிட்டுத்தான் இந்தக் கேள்விக்கு வருகிறது. தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபதாவது வாரம் நடந்து முடிந்ததா, இனிமேல்தானா? இஸ்ரவேலும் சபையும் தேவனுக்கு இரண்டு ஜனங்களா, ஒரே ஜனமா? வெளிப்படுத்தின விசேஷத்தில் தேவனுடைய கோபாக்கினை எந்த இடத்தில் தொடங்குகிறது? இந்த மூன்றுக்கும் ஒருவர் சொல்லும் பதில் தெரிந்தால், அவர் முன் என்பாரா பின் என்பாரா என்பதை அவரைக் கேட்காமலே சொல்லிவிடலாம். மேடைகளில் இவற்றை யாரும் விரித்துச் சொல்வதில்லை. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாருக்கும் பொதுவான வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13-18. பவுல் இதைக் கால அட்டவணையாக எழுதவில்லை. தெசலோனிக்கே சபையில் சிலர் மரித்துப்போனார்கள். கர்த்தர் வரும்போது அவர்களுக்கு நஷ்டம் வருமோ என்று மற்றவர்கள் துக்கப்பட்டார்கள். அதற்குத்தான் பதில்: மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் அவர்களோடேகூட மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். இந்தப் பகுதியில் உபத்திரவமும் இல்லை, ஏழு வருஷமும் இல்லை. இரகசியத்துக்கும் இடமில்லை: ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என மூன்று சத்தங்கள் ஒரே வசனத்தில் வருகின்றன. "இரகசிய வருகை" என்ற பெயர் போதகர்கள் வைத்தது. "இமைப்பொழுதிலே" என்று 1 கொரிந்தியர் 15:52 சொல்வது சரீரம் மறுரூபமாகும் வேகத்தை. உலகம் அதைப் பார்க்குமா பார்க்காதா என்பதை அல்ல.

இனி அந்த மூன்றுக்கு வருவோம். தானியேலில்தான் எல்லாம் ஆரம்பம்.

தானியேல் 9:24-27 எழுபது வாரங்களைச் சொல்கிறது. ஒரு வாரம் என்பது ஏழு வருஷம் என்று பெரும்பாலும் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்; மொத்தம் 490 வருஷம். எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளையிலிருந்து மேசியாவரை 7 வாரமும் 62 வாரமும், அதாவது 483 வருஷம். எந்தக் கட்டளை? எஸ்றா 7இல் அர்தசஷ்டாவின் ஏழாம் வருஷத்தில், கி.மு. 457இல், பிறந்த கட்டளையிலிருந்து சாதாரண வருஷமாக எண்ணினால் கி.பி. 27 வருகிறது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே பூஜ்யம் கிடையாது என்பதை மறக்கக்கூடாது. அது இயேசு ஞானஸ்நானம் பெற்ற காலத்தை ஒட்டி வரும். நெகேமியா 2இல் இருபதாம் வருஷத்தில், கி.மு. 445இல், தொடங்கினால் கி.பி. 39 ஆகிவிடும், சிலுவையைத் தாண்டிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் சர் ராபர்ட் ஆண்டர்சன் 360 நாள் கொண்ட வருஷத்தைக் கையில் எடுத்தார். 483-ஐ 360ஆல் பெருக்கினால் 1,73,880 நாள். கி.மு. 445 மார்ச் 14இல் தொடங்கி கி.பி. 32 ஏப்ரல் 6இல், இயேசு கழுதைக்குட்டியின்மேல் எருசலேமுக்குள் வந்த நாளில், முடித்துக்காட்டினார். அசந்துபோகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் சிலுவையின் வருஷம் 30 அல்லது 33 என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு; 32க்குப் பஸ்கா நாள் சரியாகப் பொருந்துவதில்லை. அதனால் பின்னாளில் ஹெரால்டு ஹோனர் அதே கணக்கை கி.மு. 444 மார்ச் 5 முதல் கி.பி. 33 மார்ச் 30 வரை என்று நகர்த்தி வைத்தார். ஒரே கணக்கை ஒரு வருஷம் தள்ளியும் பொருத்த முடிகிறது என்றால் அதன் துல்லியத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை 69 வாரத்தைப் பற்றியதல்ல, மீதி ஒன்றைப் பற்றியது. பழைய வாசிப்பில் எழுபதாவது வாரம் அறுபத்தொன்பதை ஒட்டியே வருகிறது: உடன்படிக்கையை உறுதிப்படுத்துகிறவர் மேசியா, வாரத்தின் பாதியில் பலி ஓய்ந்தது சிலுவையால், நகரமும் ஆலயமும் அழிந்தது கி.பி. 70இல் தீத்துவின் படையால். இன்னொரு வாசிப்பில் மேசியா தள்ளப்பட்டதோடு கணக்கு நின்றுவிட்டது; சபையின் காலம் இடையில் வருகிறது; கடைசி ஏழு வருஷம் அந்திக்கிறிஸ்து இஸ்ரவேலோடு உடன்படிக்கை செய்யும்போது மறுபடி ஓடத் தொடங்கும். "ஏழு வருஷ உபத்திரவம்" என்ற தொகை வருவது இந்த ஒரே இடத்திலிருந்துதான். வெளிப்படுத்தின விசேஷத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் ஏழு வருஷம் கிடைக்காது. அங்கே இருப்பது 42 மாதம், 1260 நாள், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும். மூன்றும் மூன்றரை வருஷமே. இடைவெளியை ஒத்துக்கொள்ளாதவருக்கு முன் உபத்திரவம் என்ற பேச்சே எழாது. எதற்கு முன் என்று கேட்பார்.

இரண்டாவது விஷயம், இரண்டு ஜனங்கள். கடைசி ஏழு வருஷம் எரேமியா 30:7 சொல்லும் யாக்கோபின் இக்கட்டுக்காலம், அது இஸ்ரவேலுக்கானது, சபைக்கு அதில் வேலையில்லை என்றால் சபை அதற்கு முன்னமே போய்விட வேண்டும். இதை ஒரு முறையாக வகுத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து பிரதரன் என்ற சபை இயக்கத்துக்கு வந்தவர். 1830களின் தொடக்கத்தில் டப்ளினுக்குத் தெற்கே பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இது உருப்பெற்றது. 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. வசனம் மேலே, குறிப்பு அதே பக்கத்தில் கீழே. பல வருஷம் அதில் வாசித்துப் பழகியவருக்கு எது பவுல் சொன்னது, எது ஸ்கோஃபீல்டு சொன்னது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 1924இல் தொடங்கிய டல்லாஸ் இறையியல் கல்லூரியும் பெந்தெகொஸ்தே சபைகளின் வேதாகமப் பள்ளிகளும் இதைப் பாடமாக்கின. தமிழ் நாட்டுப் பெந்தெகொஸ்தே, பிரதரன் மேடைகளில் சுவரில் தொங்கும் காலக்கோட்டுப் படம் இந்த வழியில் வந்ததுதான்.

இங்கே இரு தரப்பும் வரலாற்றைக் கொஞ்சம் வளைக்கிறார்கள். "1830க்கு முன் யாருமே சொல்லவில்லை" என்பது முழுச் சரியில்லை. மார்கன் எட்வர்ட்ஸ் என்ற பாப்திஸ்து போதகர் 1788இல் பிலடெல்பியாவில் அச்சிட்ட சிறு நூலில், எடுத்துக்கொள்ளப்படுதலுக்கும், கிறிஸ்து பூமியை ஆளும் ஆயிர வருஷத்துக்கும் நடுவே மூன்றரை வருஷம் வைத்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் மார்கரெட் மெக்டொனால்டு என்ற பெண் 1830இல் கண்ட தரிசனத்தை டார்பி திருடினார் என்ற கதையும் நிற்காது. அந்தத் தரிசனக் குறிப்பை வாசித்தால் சபை சோதனைக்குள் போகும் என்றே தோன்றுகிறது. மறுபக்கம், "ஆதிச் சபை முழுக்க இதையே நம்பியது" என்பதும் தப்பு. இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியு போன்றோர் ஆயிர வருஷ அரசாட்சியை நம்பினார்கள். ஆனால் சபை அந்திக்கிறிஸ்துவைச் சந்திக்கும் என்றே எழுதினார்கள். பிரதரனுக்குள்ளேயே எல்லாரும் டார்பி பக்கம் இல்லை. பிளிமத்தில் பெஞ்சமின் நியூட்டன் இதை நேருக்கு நேர் எதிர்த்தார். 1840களின் பிற்பகுதியில் அந்தச் சபை உடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரும் இரகசிய வருகையை ஏற்கவில்லை. புதிய போதனை என்பதாலேயே பொய் ஆகிவிடாது. ஆனால் "அப்போஸ்தலர் காலத்திலிருந்து" என்று மேடையில் சொல்வதை நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, கோபாக்கினை. தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்கிறது 1 தெசலோனிக்கேயர் 5:9. இதில் எல்லாருக்கும் சம்மதம். கேள்வி இதுதான்: வெளிப்படுத்தின விசேஷத்தில் பூமியின்மேல் வரும் வாதைகளை முத்திரை, எக்காளம், கலசம் என்று மூன்று வரிசைகளாகச் சொல்கிறதே, அவற்றில் எது கோபாக்கினை? முதல் முத்திரையை உடைப்பதே ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்து, ஆகவே அங்கிருந்தே தேவ கோபம். சபை 4ஆம் அதிகாரத்துக்கு முன்பே மேலே போயிருக்க வேண்டும் என்பார் முன் உபத்திரவக்காரர். 4:4இல் பொற்கிரீடம் தரித்த இருபத்துநான்கு மூப்பர்கள்தான் எடுத்துக்கொள்ளப்பட்ட சபை என்றும், "சபை" என்ற சொல் 3ஆம் அதிகாரத்துக்குப் பிறகு 22:16 வரை வரவில்லை என்றும் காட்டுவார். இந்தக் கடைசி வாதம் பார்க்க வலுவாகத் தெரியும், ஆனால் தாங்காது. 4 முதல் 18 வரை பரலோகக் காட்சிகளிலும் அந்தச் சொல் இல்லை. பூமியிலோ "பரிசுத்தவான்கள்" 13:7, 13:10, 14:12இல் இருக்கிறார்கள்.

1990இல் மார்வின் ரோசென்தால் பிரபலமாக்கிய "கோபாக்கினைக்கு முன்" என்ற கொள்கை இந்த மூன்றாவது கேள்விக்கு வேறு பதில் சொல்கிறது. ஐந்தாம் முத்திரைவரை நடப்பது மனுஷனுடைய, சாத்தானுடைய கோபம். ஆறாம் முத்திரையில் சூரியன் கறுக்கிறது, சந்திரன் இரத்தம்போலாகிறது. மத்தேயு 24:29இன் அடையாளங்கள் அப்படியே. அதற்குப் பிறகுதான் 6:17 கோபாக்கினையின் மகாநாளைச் சொல்கிறது. 7ஆம் அதிகாரத்தில் மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்த எண்ணக்கூடாத திரள் சிங்காசனத்துக்கு முன் நிற்கிறது. ஆகவே சபை போவது ஆறாம், ஏழாம் முத்திரைகளுக்கு நடுவே, ஏழு வருஷத்தின் இரண்டாம் பாதிக்குள் எங்கோ. என் கணிப்பில், வெளிப்படுத்தின விசேஷத்தையும் மத்தேயுவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசிப்பதில் இதுதான் உழைப்புள்ள கொள்கை. இடறும் இடம் நாலாம் முத்திரை: பட்டயம், பஞ்சம், சாவு, துஷ்டமிருகம். எசேக்கியேல் 14:21 இதே நாலையும் தேவனுடைய கொடிய தண்டனைகள் என்கிறது.

ஏழு வருஷத்தின் நடுவில் சபை போகும் என்ற நடு உபத்திரவக் கொள்கையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வெளிப்படுத்தல் 11:15இன் ஏழாம் எக்காளமே 1 கொரிந்தியர் 15:52இன் கடைசி எக்காளம் என்பது அதன் உயிர்நாடி. கொரிந்தியருக்கு நிருபம் போனது கி.பி. 55 வாக்கில், பரவலான கணிப்பில் யோவான் பத்மு தீவில் தரிசனம் கண்டது 95 வாக்கில். கொரிந்து சபையார் அந்த ஏழு எக்காளங்களை எப்படி நினைத்திருக்க முடியும்? இன்று இதைப் பிடித்திருப்பவர்கள் குறைவு. ஜெயங்கொண்டவர்கள் மட்டும் முதலில் போவார்கள், அரைகுறை விசுவாசிகள் உபத்திரவத்தில் சுத்திகரிக்கப்படுவார்கள் என்ற கொள்கையும் உண்டு. லூக்கா 21:36ஐயும் பத்துக் கன்னிகைகளையும் காட்டுவார்கள். கிறிஸ்துவின் சரீரம் தவணை முறையில் போகுமா என்ற கேள்விக்கு அவர்களிடம் நல்ல பதில் இல்லை.

உபத்திரவத்துக்குப் பின் என்பவர்களின் பலம் மத்தேயு 24:29-31. "அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே" அடையாளங்கள், மேகங்கள்மேல் வருகை, எக்காளம், தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டிச்சேர்த்தல். பவுல் சொன்ன மேகமும் எக்காளமும் தூதரும் இங்கேயே இருக்கிறார்கள். அதைவிட வலுவானது 2 தெசலோனிக்கேயர் 2. கிறிஸ்துவின் நாள் வந்துவிட்டது என்று யாரோ கலக்குகிறார்கள். பவுலுக்கு இரகசிய வருகை தெரிந்திருந்தால் ஒரு வரியில் முடித்திருக்கலாம்: நீங்கள் இன்னும் இங்கேதானே இருக்கிறீர்கள்! அவர் அப்படிச் சொல்லாமல், விசுவாசதுரோகமும் பாவமனுஷனும் வெளிப்படுவதை அடையாளமாகக் கொடுக்கிறார். முன் உபத்திரவக்காரர் இதற்கு 2:7இன் தடைசெய்கிறவனைக் காட்டுவார்: அது சபைக்குள் வாசமாயிருக்கும் பரிசுத்த ஆவியானவர், அவர் நீங்கினால் சபையும் நீங்கும் என்று. ஆதிப் பிதாக்களில் தெர்த்துல்லியன் அதை ரோம அரசு என்றார். தானியேல் 12:1ஐ வைத்து மிகாவேல் தூதன் என்பாரும் உண்டு. பவுல் யாரென்று சொல்லாமல் விட்டதை வைத்து ஒரு கொள்கையைத் தூக்கி நிறுத்துவது ஆபத்து.

வெளிப்படுத்தல் 3:10, "சோதனைகாலத்துக்குத் தப்பும்படி நானும் உன்னைக் காப்பேன்" என்பது முன் உபத்திரவத்தின் சிறந்த வசனம். பின் என்பவர் யோவான் 17:15ஐ எதிரே வைப்பார்: அங்கே இயேசு, உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம், தீமையினின்று காத்துக்கொள்ளும் என்றே ஜெபிக்கிறார். ஆனால் 3:10 தீமையை மட்டும் அல்ல, ஒரு காலத்தையே சொல்கிறது. காலத்துக்குத் தப்ப அதற்குள் இருந்தபடியே முடியுமா என்று திருப்பிக் கேட்பார்கள். இந்த வசனத்தில் இரு பக்கமும் சமமாகவே நிற்கிறது என்பேன்.

பின் உபத்திரவத்துக்கு உண்மையான தலைவலி வேறிடத்தில் இருக்கிறது. கர்த்தர் வரும்போது விசுவாசிகள் எல்லாரும் மறுரூபமாகிவிட்டார்கள். மத்தேயு 25இல் வெள்ளாடுகள், அதாவது அநீதர், எல்லாம் நித்திய ஆக்கினைக்குப் போய்விட்டன. அப்படியானால் ஆயிர வருஷ அரசாட்சிக்குள் சாதாரண சரீரத்தோடு போவது யார்? ஏசாயா 65:20இல் நூறு வயதில் மரிப்பவன் இருக்கிறான். வெளிப்படுத்தல் 20:8இல் ஆயிரம் வருஷம் முடிந்ததும் சாத்தானால் மோசம்போக்கப்படும் திரளான ஜாதிகள் இருக்கிறார்கள். இவர்கள் யாருடைய பிள்ளைகள்? முன் உபத்திரவத்தில் இதற்குப் பதில் சுலபம்: சபை போனபின் ஏழு வருஷத்தில் மனந்திரும்பியவர்கள். பின் உபத்திரவ அறிஞர் ராபர்ட் கன்ட்ரி 1973இல் செம்மறியாடு, வெள்ளாடு நியாயத்தீர்ப்பை ஆயிரம் வருஷத்தின் கடைசிக்குத் தள்ளிவைத்துச் சமாளித்தார். மத்தேயு 25:31ஐ வாசித்தால் அது வருகையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தள்ளுவது அவ்வளவு இயல்பாக இல்லை. இரண்டாவது தலைவலி நாள் கணக்கு. ஆலயத்தைத் தீட்டாக்கும் "பாழாக்கும் அருவருப்பு" நின்ற நாளிலிருந்து 1260 எண்ணினால் வருகையின் நாள் தெரிந்துவிடும். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" ஒருவனும் அறியான் என்பது என்னாவது? தானியேல் 12:11-12 வேறு 1290, 1335 என்று முப்பதும் நாற்பத்தைந்துமாகக் கூட்டிக்கொண்டே போகிறது. நாட்கள் குறைக்கப்படும் என்ற மத்தேயு 24:22தான் பின் என்பவர்கள் தரும் பதில்.

மேடையில் அதிகம் அடிபடும் ஒரு வசனத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயலில் இருவர், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான் (மத்தேயு 24:40). முந்தின வசனத்தில் ஜலப்பிரளயம் வாரிக்கொண்டுபோனது துன்மார்க்கரை, மிஞ்சியது நோவா. லூக்கா 17:37இல் சீஷர்கள் "எங்கே, ஆண்டவரே" என்று கேட்டதற்கு வந்த பதில் பிணத்தையும் கழுகையும் பற்றியது. அதனால் வால்வூர்டு உட்பட முன் உபத்திரவ அறிஞர் பலரே இதை எடுத்துக்கொள்ளப்படுதலாக எடுப்பதில்லை. சினிமாவிலும் துண்டுப்பிரதியிலும் மட்டும் இது விடாமல் ஓடுகிறது.

உங்கள் சிஎஸ்ஐ ஆயர் வேறு வரைபடத்தில் நிற்கிறார். அகுஸ்தீன் காலந்தொட்டு மேற்கத்திய சபை வெளிப்படுத்தல் 20இன் ஆயிரம் வருஷத்தை, கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட சபையின் காலமாகவே பெரும்பாலும் வாசித்தது. வருகை, பொது உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு எல்லாம் ஒரே கடைசி நாள். எடுத்துக்கொள்ளப்படுதல் உண்டு, அது அந்த நாளின் ஒரு பகுதி. யோவான் 6ஆம் அதிகாரத்தில் இயேசு நாலு முறை கடைசி நாளில் எழுப்புவேன் என்கிறார். மத்தேயு 13இல் கோதுமையும் களையும் அறுப்புவரை சேர்ந்தே வளர்கின்றன. இவை இந்த வாசிப்பின் தூண்கள். லுத்தரன்களின் 1530ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் அறிக்கை 17ஆம் பிரிவில், உயிர்த்தெழுதலுக்கு முன் நீதிமான்கள் உலகை ஆளுவார்கள் என்ற போதனையைத் தள்ளுகிறது; தரங்கம்பாடி வழிவந்த தமிழ் லுத்தரன்களுக்கு அதுவே விசுவாச அறிக்கை. கத்தோலிக்க மறைக்கல்வி 675, 676இல் வருகைக்கு முன் திருச்சபை ஒரு கடைசிச் சோதனையைக் கடக்கும் என்றும், ஆயிர வருஷக் கொள்கை மென்மையான வடிவிலும் ஏற்கத்தக்கதல்ல என்றும் சொல்கிறது. இந்த வாசிப்பு இடறுவது 20:4-5இல். ஒரு கூட்டம் உயிர்த்தது, மற்றவர்கள் ஆயிரம் வருஷம் முடியுமளவும் உயிரடையவில்லை. முதலாவதை மறுபிறப்பு என்றும் இரண்டாவதைச் சரீர உயிர்த்தெழுதல் என்றும் பிரிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த வரிகளில் அந்தப் பிரிப்பு கொஞ்சம் வலிந்ததுதான்.

அட்வென்டிஸ்ட் நண்பர் சொல்வது இந்த இரண்டிலும் சேராது. வருகை ஒன்று, எல்லாரும் காண்பார்கள். பரிசுத்தவான்கள் மேலே போவார்கள். ஆயிரம் வருஷத்தைப் பரலோகத்தில் கழிப்பார்கள். பூமி பாழாகக் கிடக்கும், ஆளில்லாத பூமியில் சாத்தான் கட்டுண்டிருப்பான். அவர்களுடைய வரலாறு நம்மைத் தேதிக் கணக்குக்குக் கொண்டுவருகிறது.

அமெரிக்க பாப்திஸ்து போதகர் வில்லியம் மில்லர் தானியேல் 8:14இன் 2300 நாளை 2300 வருஷமாக்கி, மேலே சொன்ன அதே கி.மு. 457இலிருந்து எண்ணினார். 2300இல் 457 போனால் 1843. 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை என்றார், கடந்துபோனது. பூஜ்ய வருஷம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது, ஒன்றைக் கூட்டினார்கள். சாமுவேல் ஸ்னோ பாவநிவிர்த்தி நாளை காரைய யூதர் நாட்காட்டிப்படி வைத்து 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். அதுவும் கடந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்தவர்களே அட்வென்டிஸ்டுகள். நாள் சரி, நிகழ்வுதான் வேறு, பரலோக ஆசரிப்புக்கூடாரத்தில் நடந்தது என்று விளக்கினார்கள். பக்கத்துத் திருவிதாங்கூரிலும் இப்படி ஒன்று நடந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, 1870களின் எழுப்புதலின்போது ஐந்தரை வருஷத்தில், 1881இல், கர்த்தர் வருவார் என்று அறிவித்தார். அவர் கூட்டத்துக்கே ஐந்தரைக்காரர் என்ற பொருளில் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று சொன்ன லீ ஜாங் ரிம் மோசடி வழக்கில் கைதானார். அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்வது அடுத்த வருஷத்தில்! ஹெரால்டு கேம்பிங் ஜலப்பிரளயத்தை கி.மு. 4990இல் வைத்து 7000 வருஷம் கூட்டி 2011 மே 21 என்றார். தவறியதும் அக்டோபர் 21 என்றார். 2012இல் தேதி சொன்னதே பாவம் என்று ஒத்துக்கொண்டார். 2025 செப்டம்பர் 23, 24 என்று தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இப்போது 2028. இதன் பாகங்கள் மூன்று: மத்தேயு 24:32-34இல் இயேசு சொன்ன அத்திமரம் துளிர்ப்பது 1948இல் இஸ்ரவேல் உருவானது, அதைக் கண்ட சந்ததி ஒழியாது, ஒரு சந்ததி சங்கீதம் 90:10இன்படி எண்பது வருஷம். முன்பு இதே சந்ததி நாற்பது வருஷமாக இருந்தது. 1988 வந்தது, எட்கர் விசனன்ட் அந்த செப்டம்பரை நம்பி எண்பத்தெட்டுக் காரணங்கள் அடுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொடக்கம் 1967 ஆனது, 2007 ஆனது. அப்புறம் எழுபது வருஷம், 2018. இப்போது எண்பது. முதல் பாகமே நிற்கவில்லை என்பதைப் பார்க்க லூக்கா 21:29 போதும்: "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்கிறார் இயேசு. துளிர்த்தால் வசந்தகாலம் சமீபம் என்ற உவமைதான். மற்ற மரங்களெல்லாம் எந்த நாடு? இன்னொன்று. ஏழு வருஷத்துக்கு முன் சபை போகும் என்று நம்புகிறவர் பகிரங்க வருகையை 2028இல் வைத்தால், இரகசிய வருகை 2021இலேயே நடந்திருக்க வேண்டும். அந்தச் செய்தியை அனுப்பினவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

ஆதார், பார்கோடு, தடுப்பூசி ஆகியவற்றை மிருகத்தின் முத்திரையாக்கும் பேச்சுக்கும் இதே கதிதான். வெளிப்படுத்தல் 13:15-17இல் முத்திரை மிருகத்தின் சொரூபத்தை வணங்குவதோடு சேர்ந்தே வருகிறது. தெரியாமல் கையில் குத்திவிட்டுப் போகும் பொருளாக அது எங்கும் வரவில்லை.

நீங்களே பார்த்து முடிவுக்கு வர விரும்பினால், வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். எட்டு அதிகாரம்தான், முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு மத்தேயு 24-25, மாற்கு 13, லூக்கா 21 மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, எருசலேமின் அழிவைப் பேசும் வரிகளுக்கு ஒரு நிறமும் வருகையைப் பேசும் வரிகளுக்கு ஒரு நிறமும் கோடிடுங்கள். பல வரிகளில் கை தயங்கும். அங்கெல்லாம் கேள்விக்குறி போடுங்கள். அடுத்து 1 கொரிந்தியர் 15, தானியேல் 9, கடைசியில் வெளிப்படுத்தல் 6 முதல் 20. ஒரு தாளில் ஐந்து பத்தி போட்டு ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுங்கள்: கர்த்தர் எங்கே வருகிறார், யார் கூட்டிச்சேர்க்கப்படுகிறார்கள், எக்காளம் உண்டா, நியாயத்தீர்ப்பு உண்டா, இதற்கு முன் நடக்கவேண்டியது என்று அந்தப் பகுதியே எதைச் சொல்கிறது. மற்ற பகுதியிலிருந்து தெரிந்ததை இங்கே நிரப்பக்கூடாது என்பதுதான் ஒரே விதி. வெறுமையாய் நிற்கும் கட்டங்களை எண்ணிப்பாருங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாஸ்டரிடமும் ஆயரிடமும் போய், எழுபதாவது வாரம், இஸ்ரவேலும் சபையும், கோபாக்கினை என்ற மூன்றையும் கேளுங்கள். இரண்டு பேரும் நல்ல மனதோடு பேசினால், கட்டத்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.